மீன் அலமாரியின் மேல் தட்டு

அந்தப் பல்கலைக்கழக நூலகத்துக்கு யார் யார் எதற்கு வந்தார்கள் என்று கேட்டால், படிக்க வந்தவர்களைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும். விடுதி அறையில் மின்விசிறி ஓடாதவர்கள் ஏசிக்காக வந்தார்கள். காதலிப்பவர்கள் சட்டப் பிரிவுக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். அங்கே புத்தகங்களெல்லாம் நல்ல தடிமன், மறைப்புக்குக் குறைவில்லை. ஜன்னலோர மேசைக்குத் தினமும் ஒருவன் வருவான். பையை வைத்து இடம் பிடிப்பான், புத்தகத்தை விரிப்பான், அதன் மேல் கன்னத்தை வைத்து எச்சில் ஒழுகத் தூங்குவான். மூன்று வருஷமாக அவன் அந்தப் புத்தகத்தில் பக்கம் திருப்பியதை யாரும் பார்த்ததில்லை.

தேர்வு வந்துவிட்டால் மட்டும் அத்தனை பேருக்கும் ஞானம் பிறந்துவிடும். கதவு திறக்கும் முன்பே வாசலில் கூட்டம் நெரியும். எல்லோருக்கும் வேண்டியது ரெஃபரன்ஸ் ஹால். அங்கே இருப்பவை வீட்டுக்குக் கொடுக்காத புத்தகங்கள். ஒன்றுக்கு ஒரு பிரதிதான். போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், ஆகவே படம் எடுக்கவும் வழியில்லை. உட்கார்ந்து படி, கையால் எழுது, வைத்துவிட்டுப் போ. அவ்வளவுதான் சட்டம்.

சட்டம் இருந்தால் சந்தும் இருக்கும். புத்தகத்தை வெளியே கொண்டுபோகக் கூடாது, சரி. உள்ளேயே இடம் மாற்றி வைத்தால் யார் கேட்பது? கணக்குப் புத்தகம் சங்கீதத்துக்குப் பின்னால் போகும். வேதியியல் கோழி வளர்ப்புக்குள் நுழையும். வைத்தவனுக்கு மட்டும் இடம் தெரியும், மற்றவர்கள் தலைகீழாக நின்றாலும் கிடைக்காது. இதற்கு மாணவர்கள் வைத்த பெயர் நடவு. "நட்டாச்சா?" என்று ஒருவரை ஒருவர் கூச்சமில்லாமல் கேட்டுக்கொள்வார்கள்.

நடவு கூடாது என்று ரெஃபரன்ஸ் ஹால் வாசலிலேயே ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. 'புத்தகத்தை ஒளித்து வைப்பது சக மாணவர் வயிற்றில் அடிப்பதற்குச் சமம். பிடிபட்டால் நூலக அட்டை பறிக்கப்படும்.' முத்து முத்தான எழுத்து. அதை எழுதியவள் நெட்டை. நூலகக் குழுவின் மாணவர் பிரதிநிதி அவள்தான், 'வயிற்றில் அடிப்பது' என்ற வார்த்தையும் அவள் யோசித்துப் போட்டதுதான். நம் கதையில் புத்தகத்தை ஒளித்தவளும் அவளேதான். ஊருக்குத்தான் உபதேசம்!

நெட்டையும் குருவியும் சிவில் இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு, விடுதியில் ஒரே அறை. பெயர்க் காரணம் சொல்ல வேண்டியதில்லை. சேர்ந்த அன்றே இருவருடைய பெட்டிகளையும் இரும்பு பீரோவின் உச்சிக்குத் தூக்கிப் போட்டவள் நெட்டை.

"ஏன்டி, அங்க மேல காத்து வேற மாதிரி அடிக்குமா?" என்று அண்ணாந்து கேட்டாள் குருவி. அன்றைக்குச் சேர்ந்தவர்கள்தான்.

நூலகத்திலும் அதே கதை. மேல் தட்டில் இருக்கும் புத்தகத்துக்குக் குருவி கையைக்கூட நீட்ட மாட்டாள். "நெட்டை, அதை எடுத்துக் குடு" என்பாள். ஏறி நிற்க அங்கே இருந்தது ஒரே ஒரு ஸ்டூல். அதற்கும் ஒரு கால் ஒடிந்து, மூலையில் சுவரோடு சாய்ந்து கிடந்தது. புதிது கேட்டு எழுதிப் போடச் சொல்லிக் குருவி பலமுறை நச்சரித்தாள்.

"உனக்கெதுக்குடி ஸ்டூலு? நான் இருக்கேன்ல?" என்றாள் நெட்டை. பிரதிநிதி அம்மாள் எழுதவே இல்லை.

குருவிக்கு ஒரு பாரம் இருந்தது. இரண்டாம் ஆண்டில் மண் இயக்கவியல் தாளில் கோட்டை விட்டாள். மறுபடி எழுதினாள், மறுபடியும் போயிற்று. அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு தாளுக்கு மூன்று வாய்ப்புதான். இந்த முறையும் போனால் படிப்பே போயிற்று, மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். ஊரில் அக்காவின் தையல் கடையில் அவளுக்கென்று ஒரு மெஷின் காலியாகக் காத்திருந்தது. "அந்த மெஷினைப் பார்த்தாலே எனக்கு ஓடிடலாம்னு இருக்கு. அக்கா நல்லவதான், மெஷின்தான் முறைக்குது" என்று சிரிப்பாள். சிரித்துவிட்டு மறுபடி நோட்டை எடுப்பாள்.

அந்தத் தாளை நடத்தியவர் மண்ணு சார். கேள்விக்காக அவர் மண்டையை உடைத்துக்கொள்ளும் ஜாதி இல்லை. ரெஃபரன்ஸ் ஹாலில் ஒரு தடிப் புத்தகம் இருந்தது, மாணவர்கள் தலையணை என்பார்கள். அதில் தீர்த்துக் காட்டியிருக்கும் கணக்குகளை எடுத்து, எண்ணை மட்டும் மாற்றிக் கேட்பார். பழைய பதிப்பு. கடையிலும் கிடையாது, நெட்டிலும் கிடையாது. அதன் முதல் பாதி குருவியின் தாளுக்கு. பின் பாதி நெட்டையின் அஸ்திவாரத் தாளுக்கு. அதையும் நடத்தியவர் மண்ணு சார்தான்.

நெட்டைக்குத் தோல்வி பயம் கிடையாது. அவளுக்கு வேண்டியது முதல் இடம். வகுப்பில் கண்ணாடிக்காரன் ஒருவன் இருந்தான், போன முறை அரை மதிப்பெண்ணில் அவளை முந்தியவன். இந்த முறையும் கதவு திறந்ததும் ஓடிப்போய்த் தலையணையின் மேல் உட்கார்ந்துகொள்கிறான். பார்க்கப் பார்க்க நெட்டைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருநாள் அவன் சாப்பிடப் போன நேரம் பார்த்துப் புத்தகத்தைத் தூக்கினாள். நேராக ஹாலின் கடைக்கோடிக்குப் போனாள்.

அங்கே மீன்வளப் பிரிவு. அந்தப் படிப்பையே இழுத்து மூடிப் பல காலமாகிவிட்டது, ஈ காக்கை வராது. மேல் தட்டின் இடது ஓரத்தில், முதுகுப்பக்கம் உள்ளே போகும்படி தலையணையைச் செருகினாள். சாதாரண உயரத்துக்காரர்களுக்கு அண்ணாந்தால்தான் தெரியும். கை எட்டுவது அவளைப் போன்றவர்களுக்கு மட்டும்தான். முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் போய்விட்டது.

குருவியிடம் சொல்லத்தான் நினைத்தாள். சத்தியமாக நினைத்தாள். ஆனால் குருவிக்கு ஓட்டை வாய், யார் கேட்டாலும் இரக்கப்பட்டுச் சொல்லிவிடுவாள். அதோடு குருவி ஒரு கணக்கில் உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டாள், நமக்கு எப்போது கிடைக்கும்? அவளுடைய தேர்வு நம்முடையதற்குப் பிறகுதானே, நாம் முடித்ததும் அவள் கையில் கொடுத்துவிட்டால் போயிற்று. இப்படி அடுக்கடுக்காக நியாயம் கிடைத்தது. தப்பு செய்பவர்களுக்கு நியாயத்துக்கா பஞ்சம்?

மறுநாளே குருவி வந்து நின்றாள். "தலையணையைக் காணோம்டி. எவனோ நட்டுட்டான். வா, தேடலாம்."

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது எப்படி என்பதை நெட்டை அன்றைக்குக் கற்றுக்கொண்டாள். இருவரும் அலமாரி அலமாரியாகப் போனார்கள். நெட்டை சங்கீதத்தில் தேடினாள், கோழியில் தேடினாள், கீழ்த் தட்டுகளில் முட்டி போட்டுத் தேடினாள். "எந்தப் படுபாவி வேலைடி இது!" என்று வேறு சொன்னாள். சொன்ன நாக்கு கசந்தது.

மீன்வளப் பிரிவு நெருங்கியதும், "அந்தப் பக்கம் நான் பாக்கறேன், நீ இங்கேயே இரு" என்றாள்.

குருவி கேட்கவில்லை, கூடவே வந்தாள். இடது ஓரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாள். "மேல என்ன இருக்கு?"

"என்ன இருக்கும்? மீன் குஞ்சு பொரிக்கிற புத்தகம்தான்."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேன்டி. ஒண்ணுமில்ல."

"ம். எனக்கு எட்டாது" என்றாள் குருவி. இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு நகர்ந்தாள்.  தப்பித்தோம் என்று நெட்டை நினைத்தாள், அப்படி நினைத்ததற்காக வெட்கமாகவும் இருந்தது. வெட்கம் அந்த மட்டோடு நின்றுவிட்டது. அன்று மாலை குருவி டீ குடிக்கப் போனதும் புத்தகத்தை எடுத்து, மூலையில் உட்கார்ந்து, பின் பாதியை எழுதிக்கொண்டு திரும்ப அங்கேயே வைத்தாள். அடுத்த நாளும் அப்படித்தான்.

நெட்டையின் தேர்வு வெள்ளிக்கிழமை முடிந்தது. பிரமாதமாக எழுதினாள். சனிக்கிழமை காலை முதல் வேலையாகப் புத்தகத்தை எடுத்து, 'இதோ கிடைச்சிடுச்சு' என்று குருவியின் கையில் கொடுப்பதாகத் திட்டம். கொடுக்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதுவரை யோசித்து வைத்திருந்தாள். சனிக்கிழமை கண் விழித்தபோது பகல் சாய்ந்திருந்தது. தேர்வு முடிந்த அசதி, அடித்துப்போட்டதுபோல் தூங்கிவிட்டாள். நூலகம் சனிக்கிழமை மதியத்தோடு மூடிவிடும். போகட்டும், திங்கட்கிழமை எங்கே ஓடிவிடப் போகிறது என்று புரண்டு படுத்தாள்.

திங்கட்கிழமை மீன் அலமாரி காலியாக இருந்தது.

மேல் தட்டு, நடுத் தட்டு, கீழ்த் தட்டு எல்லாம் துடைத்து வைத்ததுபோல் வெறிச்சென்று கிடந்தன. கம்ப்யூட்டர் மேசைகள் போட இடம் வேண்டும் என்று யாரும் தொடாத பிரிவாகப் பார்த்து ஞாயிற்றுக்கிழமையே கட்டி எடுத்துவிட்டார்களாம். யாரும் தொடாத பிரிவு. நெட்டை அதைத் தேர்ந்தெடுத்த காரணமும் அதுவேதான். திருடனுக்குத் தேள் கொட்டிவிட்டது, கத்தவா முடியும்?

ரெஃபரன்ஸ் ஹாலைப் பார்த்துக்கொண்டவள் ஓர் அக்கா. பேச்சைவிட 'உஷ்' என்று அதட்டுவதே அதிகம், ஆகவே உஷ்ஷக்கா. நெட்டை அவளிடம் போய் நின்றாள்.

"அக்கா, அந்த மீன் புத்தகமெல்லாம்..."

"கட்டி, ஒட்டி, குடோன்ல ஏத்தியாச்சு. ஏம்மா, உனக்கு மீன் மேல எப்போலேருந்து ஆசை?"

"இல்லக்கா. எங்க மண் புத்தகம் ஒண்ணு காணோம். யாராவது தெரியாம அங்க வெச்சிருப்பாங்களோன்னு..."

உஷ்ஷக்கா கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். "ஒட்டின பெட்டியைச் சந்தேகத்துக்கெல்லாம் பிரிக்க மாட்டாங்கம்மா. அதுல இருக்குன்னு உறுதியா யாராவது சொன்னா, நானே பெரிய லைப்ரரியன்கிட்டப் பேசி இன்னிக்கே பிரிச்சுத் தர்றேன். உறுதியாத் தெரியுமா?"

கேள்வி அவ்வளவுதான். தெரியும் என்று ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் எப்படித் தெரியும் என்ற அடுத்த கேள்வி நின்றுகொண்டிருந்தது. அட்டை போகும், பிரதிநிதிப் பதவி போகும், மண்ணு சார் முகத்தில் விழிக்க முடியாது, கண்ணாடிக்காரன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். உஷ்ஷக்காவின் தலைக்கு நேர் பின்னால் வாசல் சுவரில் நெட்டையின் முத்து முத்தான எழுத்து தெரிந்தது.

"இல்லக்கா. சும்மா ஒரு சந்தேகம்தான்" என்றாள்.

"உறுதின்னா வா. நான் சாயந்தரம் வரைக்கும் இங்கதான் இருப்பேன்" என்றாள் உஷ்ஷக்கா.

சாயந்தரம் வரைக்கும் நெட்டை நூலகத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மூன்று தடவை படி ஏறினாள். மூன்று தடவையும் அறிவிப்பைப் பார்த்துவிட்டு இறங்கினாள். கோழை என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். திட்டிக்கொள்வது சுலபமாக இருந்தது, மேலே போய்ச் சொல்வதுதான் முடியவில்லை. கடைசியில் உஷ்ஷக்கா குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புவதை மரத்தடியில் நின்று பார்த்தாள். ஐயோ போய்விட்டாளே என்று இருந்தது. அப்பாடா என்றும் இருந்தது. இரண்டில் எது பெரியது என்று அவளிடம் கேட்காதீர்கள்.

அன்றிலிருந்து நெட்டை குருவிக்கு வாத்தியாரம்மா ஆகிவிட்டாள். அறையை விட்டு நகரவிடவில்லை. தனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினாள், டீ வாங்கி வந்து கொடுத்தாள், குருவியின் துணியைக்கூடத் துவைத்துப் போட்டாள். ஆனால் அவள் எழுதி வைத்திருந்தது பின் பாதிதான். போன வருஷத்து முதல் பாதிக் குறிப்பெல்லாம் எப்போதோ எடைக்குப் போயிருந்தது, இந்த முறை அந்தப் பக்கங்களை அவள் திருப்பியே பார்க்கவில்லை, அவளுக்கு அவை தேவைப்படவில்லையே.

"உனக்கு எதுக்குடி இவ்வளவு சிரமம்?" என்றாள் குருவி.

"சும்மா இருடி. எனக்கென்ன சிரமம்?"

"இல்ல, துணியெல்லாம் துவைக்கிறியே. பயமா இருக்கு" என்று சிரித்தாள் குருவி. பிறகு அவள் முகத்தையே பார்த்தாள். "என்கிட்ட ஏதாவது சொல்லணுமா நெட்டை?"

நெட்டையின் தொண்டைவரை வந்துவிட்டது. "நீ நல்லா எழுதுவேன்னு சொல்லணும். வேற என்ன?" என்றாள்.

குருவி தலையை ஆட்டிவிட்டு நோட்டுக்குக் குனிந்தாள்.

தேர்வு முடிந்து வெளியே வந்த குருவி கேள்வித்தாளை மடித்து நெட்டையின் கையில் வைத்தாள். எல்லாமே முதல் பாதி. சரிவான மண் எப்போது சரியும், ஈர மண் எவ்வளவு தாங்கும். எண்ணை மாற்றியிருந்ததைத் தவிர மண்ணு சார் வழக்கம்போல வேறு சிரமமே படவில்லை. நெட்டை அந்தத் தாளை இரண்டு முறை படித்தாள். ஒரு பெண்ணின் வாயில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டோம் என்பது அங்கேயே, அந்த வராந்தாவிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

முடிவு வந்த அன்று நெட்டை வகுப்பிலேயே முதல். கண்ணாடிக்காரனே வந்து கை கொடுத்தான். அவள் அந்தக் கையைப் பாதியில் விட்டுவிட்டு விடுதிக்கு ஓடினாள்.

குருவி கட்டிலில் துணிகளைப் பரப்பி ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தாள். அழுத மாதிரித் தெரியவில்லை. "வந்துட்டியா? முதல் இடமாமே. வாழ்த்துக்கள்டி" என்றாள். சும்மா வாயால் சொல்லவில்லை, மனசாரத்தான் சொன்னாள். அதுதான் நெட்டையைக் கொன்றது.

"குருவி, அந்தப் புத்தகம்..."

"மேல் தட்டு" என்றாள் குருவி, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "மீன் அலமாரி. இடது ஓரம். முதுகை உள்பக்கம் திருப்பி வெச்சிருந்தே."

நெட்டை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ நட்ட அன்னிக்கு, சாப்பிடக் கூப்பிடலாம்னு வந்தேன். நீ வெச்சிட்டுத் திரும்பிப் பாத்தே, சுத்தி யாராவது இருக்காங்களான்னு. கீழ பாக்கல. நான் பக்கத்து அலமாரி மறைவுலதான் நின்னேன்."

"தெரிஞ்சும் ஏன்டி என்னோட சேர்ந்து தேடினே?"

"நீ எடுத்துக் குடுப்பேன்னுதான். அதுக்குத்தானே அங்கயே நின்னு கேட்டேன், மேல என்ன இருக்குன்னு. நீ மீனுன்னே."

நெட்டைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நேரா கேட்டிருக்கலாமே! நட்டதை எடுடின்னு ஒரு அறை விட்டிருக்கலாமே! குடுத்திருப்பேனே!"

"கேட்டா குடுத்திருப்பே, தெரியும். கேக்காமக் குடுப்பியான்னு பாத்தேன்." குருவி ஒரு சட்டையை உதறி மடித்தாள். "உன் பரீட்சை முடியட்டும், சனிக்கிழமை நீ குடுத்துடுவேன்னு இருந்தேன். சனிக்கிழமை நீ தூங்கினே. சரி, அசதியா இருக்கா, நாமே எடுத்துக்கலாம்னு நான் மட்டும் போனேன்."

"போனியா?"

"போனேன். அலமாரியை அப்போ இன்னும் காலி பண்ணல. புத்தகமும் இருந்தது, மேல கண்ணால பாத்தேன். எட்டல." அவள் குரல் முதல்முறையாகக் கொஞ்சம் தடுமாறியது. "கீழ்த் தட்டுல கால் வெச்சு ஏறிப் பாத்தேன், அலமாரி ஆடிச்சு. ஸ்டூலுக்குக் காலில்ல. யாரையாவது கூப்பிட்டா, மண் புத்தகம் மீனுக்குள்ள எப்படி வந்துச்சு, உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க. உன் பேரைச் சொல்லணும். மூடுற வரைக்கும் அண்ணாந்து பாத்துட்டு நின்னேன்டி. அப்புறம் வந்துட்டேன்."

நெட்டை முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தூங்கிக்கொண்டிருந்த அவளைத் தட்டி எழுப்பாமல், பெயரையும் கெடுக்காமல், அந்தக் குட்டை உருவம் மீன் புத்தகங்களுக்குக் கீழே தனியாக நின்றிருக்கிறது. எழுப்பியிருந்தால்? திங்கட்கிழமை தான் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால்? இனி எத்தனை 'தால்' போட்டு என்ன பிரயோஜனம்?

"நான் இப்பவே போய்ச் சொல்றேன். உஷ்ஷக்காகிட்ட, சார்கிட்ட, எல்லார்கிட்டயும். உனக்கு இன்னொரு வாய்ப்புக் குடுக்கச் சொல்லிக் கால்ல விழறேன்."

"சொல்லு. உனக்காகச் சொல்லு" என்றாள் குருவி. "எனக்காகன்னு சொல்லாத. மூணுன்னா மூணுதான், அது உனக்கும் தெரியும். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு. ஊர்ல அக்கா வந்து நிப்பா."

மடித்த துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். பிறகு நிமிர்ந்து பீரோவின் உச்சியைப் பார்த்தாள், சேர்ந்த அன்றைக்குப் பார்த்தது போலவே.

"நெட்டை, அந்தப் பெட்டியை எடுத்துக் குடு. எனக்கு எட்டாது."

நெட்டை எழுந்து கையை நீட்டினாள். குதிகாலைத் தூக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. பெட்டியை இறக்கி, மேலிருந்த தூசியைத் தன் துப்பட்டாவால் துடைத்து, கட்டிலின் மேல் திறந்து வைத்தாள்.